காலியிடம் இல்லாத காடு

கீழ்க்கட்டளையில் குடியிருந்த டிராயிங் மாஸ்டர் சுவிசேஷமுத்து ஒரு தேவாங்கைக் கோழிக்கூடையில் வைத்து மூடிக்கொண்டு, அதை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று கிளம்பினார். 1974ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. நாற்பத்தாறு வயசு மனுஷர், ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ரேஷன் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர். அவருக்கே இப்படி ஒரு நினைப்பு வந்தால் மற்றவர்களை என்ன சொல்வது!

நடந்தது இதுதான். அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த முள்காட்டைக் காலனி கட்டுவதற்காக ஒரு வாரமாக அழித்துக்கொண்டிருந்தார்கள். அன்று விடியற்காலை குளிக்கப் போன அவர் மனைவி சாராள், குளியலறைக் கூரை மூங்கிலைக் கட்டிக்கொண்டு எதுவோ தன்னையே பார்ப்பதைக் கண்டு போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒரு சாண் உடம்பு, குச்சி குச்சியாய்க் கைகால், வால் கிடையாது. கண்ணைச் செய்வதிலேயே சரக்கெல்லாம் தீர்ந்துபோய் மிச்சத்தை ஏனோதானோ என்று முடித்த மாதிரி இருந்தது.

"ஏங்க, பள்ளிக்கூடத்துல பசங்க உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்களோ, அதுவே நேர்ல வந்திருக்கு" என்றாள் சாராள், பயம் தெளிந்ததும்.

வாடகை வாங்க வந்திருந்த வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், விட்டுடாதீங்க. தாயத்து விக்கறவன் ஒருத்தன் இதுக்குத்தான் மாசக்கணக்கா அலையறான். முடி தாயத்துக்கு, கண்ணு மருந்துக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லிடறேன்" என்றார்.

"கண்ணையா?"

"உயிரோட இருக்கறப்பவே எடுக்கணுமாம். அப்பத்தான் பலிக்குமாம்."

சுவிசேஷமுத்து ஸ்டூலைப் போட்டு ஏறினார். துண்டைப் போட்டு அதைப் பிடித்து இறக்கும்போது அது ஓடவில்லை, கடிக்கவில்லை. அவருடைய ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், மனுஷர் உருகிப்போனார். தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் 'அரிய உயிரைக் கண்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள்' என்று எழுதியிருந்தது அவருக்கு நினைவு வந்தது. எழுதியது அரிய மரவாழ் பிராணிகள் பாதுகாப்பு வாரியம். நெடுங்கரையில் அதற்கு ஒரு சின்னச் சரணாலயமே இருந்தது, தேவாங்குகளுக்கென்றே. சுவரில் எழுத்து கோணல் என்று டிராயிங் மாஸ்டருக்கு ஒரு குறை இருந்ததே தவிர, சங்கதியில் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு, பல்லாவரத்தில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்து, கடைசி ஒரு மைல் நடந்து போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் கூடையைத் திறந்து திறந்து பார்த்தார். மூச்சு இருந்தது. கொடுத்த வாழைப்பழத்தை அது தொடக்கூட இல்லை.

சரணாலயம் அறுபது ஏக்கர். வாரியம் அதைக் கையில் எடுத்துக்கொண்ட உடனே செய்த காரியம், புதரையெல்லாம் வெட்டி எறிந்து, வரிசை வரிசையாக யூகலிப்டஸ் நட்டது. பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். இரவில் நடமாடும் பிராணிகளுக்கு வழி தெரியவேண்டும் என்று மரத்துக்கு மரம் டியூப்லைட்டும் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு போர்டு: 'இங்குள்ள தேவாங்குகள் இரவில் மட்டுமே வெளிவரும். பார்வை நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை.'

கேட்டில் இருந்த காவலாளி பக்தவச்சலம், காக்கிச் சட்டையும் தொப்பையுமாக எழுந்து வந்தான்.

"இன்னா சார் கூடைல?"

"தேவாங்குப்பா."

"தமாசு பண்ணாத சார். உள்ளயே இருபத்துநாலு கீது. நீ வேற வெளில இருந்து கொண்ணாந்துகினு கீறே. பிராணி உள்ள வரக்கூடாது, ரூலு. கூடையத் தொறக்காத, தொறந்தா நான் பாத்துடுவேன். பாத்துட்டா ரிப்போர்ட்டு எய்தணும். சாப்பாட்டுக் கூடைன்னு சொல்லிக்கினு உள்ள போயி சூப்ரெண்டைப் பாரு."

அதோடு விட்டானா? பார்வையாளர் பதிவேட்டை நீட்டினான். பெயர், ஊர், கண்ட தேவாங்குகளின் எண்ணிக்கை. மூன்றையும் உள்ளே போவதற்கு முன்பே எழுதிவிட வேண்டுமாம். வெளியே வரும்போது ஜனங்கள் கோபமாக இருக்கிறார்கள், கையெழுத்து நன்றாக வருவதில்லை என்றான்.

"எல்லாரும் ரெண்டு போட்டுடுவாங்கோ சார். நீயும் ரெண்டு போட்டுடு."

சுவிசேஷமுத்து மனசாட்சிக்குப் பயந்தவர். கூடையில் இருப்பதை வைத்து ஒன்று என்று போட்டார். அந்தப் பதிவேட்டில் பதினொரு வருஷத்தில் எழுதப்பட்ட முதல் உண்மை அதுதான்.

"நீ பாத்திருக்கியாப்பா?"

"தெனம் சாயங்காலம் இருபத்துநாலும் செரியா கீதுன்னு எண்ணிக் கையெய்த்துப் போடறேன் சார்" என்றான் பக்தவச்சலம். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

சூப்பரிண்டெண்டென்ட் வேதாசலத்தின் அறையில் ஒரு பீரோ நிறையக் கோப்புகள் இருந்தன. தே.1, தே.2 என்று தே.24 வரை முதுகில் நம்பர் போட்டு, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். வேதாசலம் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, மரியாதை தெரிந்த மனுஷர். எழுந்து நாற்காலி போட்டார்.

"உக்காருங்க. குறையா, பாராட்டா? குறைன்னா பச்சை ஃபாரம். பாராட்டுன்னா வெள்ளை. பச்சை ஸ்டாக் இல்லே."

"ரெண்டும் இல்லே சார். ஒரு தேவாங்கு கொண்டுவந்திருக்கேன்."

"எதுக்கு?"

"விடறதுக்கு."

"எங்கே?"

"இங்கேதான் சார். காட்டுல."

வேதாசலம் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆரம்பித்தார். "மாஸ்டர், நீங்க படிச்சவர். நாளைக்கு நான் ஒரு டிராயிங் மாஸ்டரைக் கூடைல வெச்சுக் கொண்டுவந்து, உங்க பள்ளிக்கூடத்துல விடறேன்னா உங்க ஹெட்மாஸ்டர் ஒத்துப்பாரா? சாங்ஷன் ஆன இடம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? எங்களுக்கு இருபத்துநாலு. இருபத்துநாலும் ஃபுல்."

"ஏதாவது ஒண்ணு செத்துப்போயிருந்தா..."

"சாவா?" வேதாசலம் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "பதினொரு வருஷத்துல இங்கே ஒரு சாவு கிடையாது. ஒரு பிறப்பு கிடையாது. ஒண்ணுக்குச் சளிகூடப் பிடிச்சதில்லே. இந்த மாதிரி ரிக்கார்டு நாட்டுல வேற எந்தக் காட்டுலயும் கிடையாது, தெரியுமா? அப்படியே ஒண்ணு செத்ததாக் காட்டணும்னா பிரேதம் வேணும். பிரேதத்துக்கு நான் எங்கே போவேன்?"

"சார், இதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனா ஆறு மணிக்கு ஒருத்தன் வந்து கண்ணைத் தோண்டி எடுத்துடுவான். சாப்பிடவும் மாட்டேங்குது. தயவு பண்ணுங்க."

வேதாசலம் இளகிவிட்டார். "மனு ஒண்ணு போட்டுவைங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல சேர்த்துடறேன். நேரடி நியமனம் கிடையாது, சொல்லிட்டேன். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டு இருந்தா முன்னுரிமை."

சுவிசேஷமுத்து உட்கார்ந்து எழுதினார். மனுதாரர் பெயர்: தேவாங்கு. தகப்பனார் பெயர்: தெரியாது. பிறந்த தேதி: தெரியாது. சொந்த ஊர்: கீழ்க்கட்டளை. உறவினர் எவரேனும் இச்சரணாலயத்தில் உள்ளனரா? இந்த இடத்தில் பேனா நின்றது. ஏதாவது ஒன்று இருந்தால் தேவலையே என்று ஏக்கமாக இருந்தது.

கடைசியில் மனுதாரர் கைரேகை. வேதாசலம் தாமே மைப்பெட்டியைத் திறந்து கொடுத்தார். துண்டுக்குள்ளிருந்து அந்தக் கையை மெல்ல வெளியே இழுத்து, மையில் தொட்டு, தாளில் ஒற்றினார் மாஸ்டர். உளுத்தம்பருப்பு அளவில் நாலைந்து பொட்டு விழுந்தது. ஒற்றி முடித்தும் அது அவர் விரலை விடவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இடது கையா, வலது கையா?" என்று கேட்டார் வேதாசலம்.

வலது. இடது கை வேண்டுமாம். இன்னொரு ஃபாரம் எழுத வேண்டியதாயிற்று.

இதற்குள் மணி இரண்டு. காத்திருங்கள் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். யூகலிப்டஸ் நிழலில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை சுவிசேஷமுத்துவுக்கு. உட்கார்வார், எழுவார், பம்புக்குப் போய்த் துண்டை நனைத்துக்கொண்டு வருவார், கூடைமேல் போடுவார், மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். பேசாமல் ஒரு மரத்தில் ஏற்றிவிட்டு நடையைக் கட்டலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வழவழவென்று நிற்கிற யூகலிப்டஸில் அது எதைப் பிடிக்கும், எங்கே ஒளியும்? அறுபது ஏக்கரில் ஒரு பூச்சி கத்தவில்லை. அப்போதுதான் அவருக்கு மெல்ல உறைக்க ஆரம்பித்தது. பீரோவில் இருக்கிற இருபத்துநாலைத் தவிர இந்தக் காட்டில் வேறு தேவாங்கு இல்லை.

மூன்று மணிக்கு ஒரு அம்பாசடர் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. வாரியத் தலைவர் தனசிங் வருஷாந்தரச் சோதனைக்கு வந்திருந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர், ஒரு மைக் செட்.

வழக்கமாகத் தலைவர் வருவார், பீரோவைப் பார்ப்பார், இளநீர் குடிப்பார், போவார். அன்றைக்கென்று ஆண்டறிக்கை அட்டையில் ஒரு தேவாங்கோடு தாம் நிற்கிற படம் வேண்டும் என்றார். பகலில் எல்லாம் தூங்குகின்றன என்று வேதாசலம் சொல்லிப் பார்த்தார். ஒன்றை எழுப்பும்படி உத்தரவாயிற்று.

வேதாசலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஓட்டமாக ஓடிவந்து கூடையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், ஒரு அரை மணி நேரம் இரவல் குடுங்க. கோயில் கட்டிக் கும்பிடறேன்."

"அப்புறம் இங்கேயே வெச்சுப்பீங்களா?"

"முதல்ல குடுங்க. எல்லாம் பண்ணிக்கலாம்."

சுவிசேஷமுத்துவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கைக்குக் கிடைத்த கோப்பிலிருந்து ஒரு அட்டையைக் கிழித்து, நூலில் கோத்து, அதன் கழுத்தில் மாட்டினார்கள். தே.7. தட்டில் ஒரு வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் உட்கார்த்தித் தலைவர்முன் கொண்டுபோனார்கள். வெயிலுக்குக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டது அது. மைக் கீச்சென்றது. அது நடுங்கிற்று. தலைவர் பேச ஆரம்பித்தார். கேட்டவர்கள் வேதாசலம், பக்தவச்சலம், போட்டோக்காரர், மைக் செட்டுக்காரர், சுவிசேஷமுத்து ஆக ஐந்து பேர்.

"சகோதர சகோதரிகளே! இந்த வாரியத்தின் தலைவராகி ஆறு வருஷம் ஆகிறது. உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஒரு தேவாங்கை நான் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆறு வருஷமாகப் பார்க்காமலேயே காப்பாற்றி வந்திருக்கிறேன்! பார்த்துவிட்டுக் காப்பாற்ற யாரால்தான் முடியாது? பார்க்காமல் காப்பாற்றுவதற்குப் பெயர்தான் நிர்வாகம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் காட்டில் எத்தனை தேவாங்கு என்று ஒரு கணக்காவது உண்டா? இன்றைக்கு உண்டு. மரம் இருக்கிறதோ இல்லையோ, கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை எவனாலும் அசைக்க முடியாது!"

வேதாசலம் கைதட்டினார். தட்டைப் பிடித்திருந்த பக்தவச்சலத்தால் தட்ட முடியவில்லை. அவன் தட்டில் இருந்ததையே வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் எடுத்து முடிந்ததும் தலைவர் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, இவ்வளவு ஒல்லி? தினம் ஒரு முட்டை இதுக்குன்னு போகுதே?"

வேதாசலம் பக்தவச்சலத்தைப் பார்த்தார். பக்தவச்சலம் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"முட்டை சாப்பிட்டும் தேறலேன்னா இது உடம்புக்கு ஆகாத பிராணி. அட்டையில இதைப் போட்டா வாரியத்துக்கே அவமானம். எழுதிக்கோ. தே.7 உடல் தகுதி இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் சரணாலயத்தை விட்டு வெளியேற்றவும்."

"ஐயா, அது உங்க ஏழு இல்லே! நான் காலைல கொண்டுவந்தது!" என்று சுவிசேஷமுத்து முன்னால் பாய்ந்தார். வேதாசலம் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். "கத்தாதீங்க. புதுச் சட்டம் வந்திருக்கு. காட்டுப் பிராணியை வெச்சிருந்ததா உங்களை உள்ளே தள்ளிடுவாங்க. அது தே.7ஆ இருக்கறவரைக்கும்தான் நீங்க பார்வையாளர்."

கார் போன பிறகு சுவிசேஷமுத்துவுக்கு ஒரு யோசனை மின்னியது. "சார், ஏழாம் நம்பரை டிஸ்மிஸ் பண்ணியாச்சு. அப்ப ஒரு இடம் காலியா இருக்கே! இதையே அதுல சேர்த்துக்கலாமே!"

"எப்படி முடியும்? உடம்பு சரியில்லேன்னு வெளியே அனுப்பின பிராணியை அதே இடத்துல திரும்ப எடுத்தா என் வேலை போயிடும். அதோட அந்த இடம் நிரம்பின மாதிரிதான். தலைவரோட மச்சான் பையன் பி.ஏ. முடிச்சுட்டு மூணு வருஷமா சும்மா இருக்கானாம். கார்ல ஏறும்போது விசாரிச்சுட்டுப் போனார்."

"தேவாங்கு வேலைக்கா?"

"நைட் டியூட்டிதான். தினம் முட்டை. யாரும் வந்து பாக்கப்போறதில்லே. இந்தக் காலத்துல யார் விடுவாங்க?" என்றார் வேதாசலம், கொஞ்சம் பொறாமையோடு.

ஐந்து மணிக்கு ஒரு உத்தரவுத் தாளோடும் கூடையோடும் சுவிசேஷமுத்துவைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்பக்கம் பூட்டிக்கொண்டார்கள். காலையில் சேரவே முடியாத காட்டிலிருந்து சாயங்காலம் அதை நீக்கியாகிவிட்டது. பஸ் பிடித்துப் போனால் வீட்டு வாசலில் தாயத்துக்காரன் உட்கார்ந்திருப்பான். போகாவிட்டால் எங்கே போவது? ரோட்டோரம் சுண்ணாம்புக் கல்மேல் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே மூச்சு கேட்டது, அவ்வளவுதான். டிராயிங் மாஸ்டர் வாய்விட்டு அழுதார். எந்த மகராசன் பார்த்தால் என்ன என்று அழுதார்.

சின்னக் கதவு திறந்து பக்தவச்சலம் வந்தான். டியூட்டி முடித்து, கையில் டார்ச்சும் ஒரு பொட்டலமுமாக இருந்தான். காதில் பென்சில்.

"சார், இன்னொரு தபா காட்டேன்."

கூடையைத் திறந்தார். அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"பதினொரு வருசம் சார். எண்ணி எண்ணிக் கையெய்த்துப் போட்டேன். இவ்ளோ அய்கா இருக்கும்னு தெரியாது சார். நம்ம கொயந்தைங்க மாதிரி பாக்குது." பொட்டலத்தைப் பிரித்து ஒரு பச்சை முட்டையை எடுத்தான். "இது அதுங்கோ பங்குதான். என் வூட்டுக்குக் கொண்டுகினு போறது. பெரிய பாவம், இன்னா பண்றது." முட்டையை உடைத்து உள்ளங்கையில் ஊற்றிக் கூடைக்குள் நீட்டினான்.

அது முகர்ந்தது. பிறகு நக்கியது. மிச்சம் வைக்காமல் நக்கியது. பக்தவச்சலம் கையை அசைக்கவே இல்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புறம்போக்கு. கல் உடைத்தது போக மிஞ்சிய பாறை, காரைப் புதர், வேலமரம், கள்ளி. வேலி இல்லை, போர்டு இல்லை, எந்த ஆபீசும் அதை வேண்டும் என்று கேட்டதில்லை. "அங்க வுட்டுடலாம் சார். முள்ளு கீது, ஒருத்தனும் வரமாட்டான்" என்றான் பக்தவச்சலம். இரண்டு பேரும் கடந்து போனார்கள். சூரியன் இறங்கும்வரை காத்திருந்து, கழுத்து அட்டையை அறுத்து எறிந்துவிட்டு, ஒரு வேலமரத்துக் கிளையருகே கூடையைச் சாய்த்தார் மாஸ்டர். அது அவர் விரலை விட்டு, கிளையைப் பிடித்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கையாக எடுத்து வைத்து மேலே போயிற்று.

நன்றாக இருட்டிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பார்க்கலாமே என்று பக்தவச்சலம் டார்ச்சை அடித்தான். கிளைக்கு நடுவே இரண்டு கண் தணல் மாதிரி மின்னியது. பக்கத்து மரத்தில் இன்னும் இரண்டு. டார்ச் நகர்ந்தது. கள்ளிக்கு மேலே இரண்டு. பாறைக்குப் பின்னால் நாலு. பக்தவச்சலத்தின் உதடு தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கை காதிலிருந்த பென்சிலுக்குப் போயிற்று.

சுவிசேஷமுத்து பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "பக்தவச்சலம், உனக்குப் புண்ணியமாப் போகும். எழுதிடாதேப்பா."

பக்தவச்சலம் பென்சிலை எடுத்துப் புதருக்குள் வீசிவிட்டு, டார்ச்சை அணைத்தான்.

"பைத்தியமா சார் நானு? எய்தினா, நாளைக்கே இங்கயும் காப்பாத்த வந்துடுவாங்கோ."